மினுங்கி முடிவதற்குள் உருவிய பென் டிரைவ்

அக்கா மகள் மேல்நிலைப் பள்ளியில் படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி, அம்பாசமுத்திரத்து வீட்டில் வெகுநாளாகச் சும்மா கிடந்தது. 2 ஜிபி நினைவகம் (ரேம்) மட்டுமே உள்ள அதில் லினக்ஸ் இயங்குதளமான டெபியன் 12-ஐ, எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான மேசைத்தளத்துடன் நிறுவி, அவள் தம்பியின் பள்ளி வேலைக்குக் கொடுத்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தொடங்கினேன். ஒரு மாலைப்பொழுதில் முடியும் என்று நம்பிய வேலை அடுத்த வாரம் வரை இழுத்தது. பெரும்பகுதி நேரம் பென் டிரைவிலேயே போயிற்று.

டெபியன் 12-ஐத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. 2023 ஜூனில் வெளிவந்த அந்தப் பதிப்பிலிருந்து, வைஃபை போன்ற வன்பொருள்கள் இயங்கத் தேவையான ஃபர்ம்வேர் என்ற மென்பொருள், நிறுவும் வட்டின் நகலான அதிகாரபூர்வ ஐஎஸ்ஓ கோப்பிலேயே சேர்ந்து வருகிறது. இணையவழி நிறுவும் சிறிய கோப்பு 800 எம்பிக்கும் குறைவுதான். பாளையங்கோட்டையில் என் வீட்டுக் கணினியில் அதை இறக்கி, கோப்பு சிதையாமல் வந்ததா என்று காட்டும் எஸ்ஹெச்ஏ-256 சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டபோது பொருந்தியது.

வண்ணாரப்பேட்டையில் வாங்கிய 16 ஜிபி பென் டிரைவைச் செருகி, கோப்பை வட்டுக்கு அப்படியே நகலெடுக்கும் லினக்ஸின் டிடி கட்டளையால் எழுதினேன். வட்டு 'எஸ்டிபி' என்றும் அதன் முதல் பகுதி 'எஸ்டிபி1' என்றும் பட்டியலில் தெரிந்தன. நான் இலக்காகக் கொடுத்தது எஸ்டிபி1. சேரன்மகாதேவி வழியாகப் பேருந்தில் அம்பைக்குப் போய்ச் செருகினால், மடிக்கணினி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. கணினியைத் துவக்கிவைக்கும் பயாஸ் தேடுவது முழு வட்டின் முதல் 512 பைட்டுகளில் உள்ள பூட் (துவக்க) நிரலை. பகுதிக்குள் எழுதியதால் அந்த நிரல் 1 எம்பி தள்ளிப் போய் உட்கார்ந்துவிட்டது. வட்டு எப்படிப் பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது என்று சொல்லும் பகிர்வு அட்டவணையையும் ஐஎஸ்ஓ கோப்பு தானே சுமந்து வருவதால், எண் இல்லாத முழு வட்டுக்குத்தான் அதை எழுத வேண்டும்.

அடுத்த வாரம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மருமகனே பாளைக்கு வந்தான். இந்த முறை இலக்கைச் சரியாகக் கொடுத்தேன். இரண்டே நொடியில், வேகம் நொடிக்கு 400 எம்பி என்று காட்டி டிடி முடிந்தது. நொடிக்கு 5 எம்பி எழுதவே திணறும் பென் டிரைவுக்கு இந்த வேகம் எங்கிருந்து வந்தது என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் கையை நீட்டி உருவினேன். அவன் பதறிவிட்டான்.

"மாமா, லைட்டு இன்னும் மினுங்குது, அதுக்குள்ள உருவிட்டியளே!"

எட்டாம் வகுப்புப் பையன் கண்டது என் கண்ணில் படவில்லை. என் கணினியில் 8 ஜிபி நினைவகம் இருப்பதால், லினக்ஸ் அத்தனையையும் முதலில் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு மெதுவாக பென் டிரைவுக்கு இறக்குகிறது. டிடி சொன்ன 'முடிந்தது' நினைவகத்துக்குக் கொடுத்து முடிந்த கணக்கு. விளைவு விசித்திரமாக இருந்தது: தொடக்கப் பகுதி மட்டும் எழுதப்பட்டிருந்ததால் பூட் பட்டியல் அழகாக வந்தது, நிறுவி தன் கூறுகளைப் படிக்கத் தொடங்கிய இடத்தில் பிழை காட்டி நின்றது. முற்றிலும் வராமல் போயிருந்தால் இத்தனை குழப்பம் இருந்திருக்காது. பழைய மடிக்கணினியின் மேல் பழியைப் போட்டு அரை நாள் அதை நோண்டினேன்.

மூன்றாம் முறை, கட்டளையின் இறுதியில் 'எஃப்சிங்க்' விருப்பத்தைச் சேர்த்தேன். எல்லாம் வட்டில் இறங்கிய பிறகே கட்டளை திரும்பும். இப்போது இரண்டரை நிமிடத்துக்கு மேல் ஆனது, அது நம்பத்தக்க கணக்கு. அதோடு விடாமல், பென் டிரைவைக் கழற்றி மறுபடி செருகி, ஐஎஸ்ஓ கோப்பின் அளவு எத்தனை பைட்டோ அத்தனை பைட்டை மட்டும் அதிலிருந்து திரும்பப் படித்து எஸ்ஹெச்ஏ-256 எடுத்தேன். கழற்றிச் செருகாமல் படித்தால், நினைவகத்தில் மிஞ்சியிருக்கும் நகலே பதிலாக வந்து நம்மை ஏமாற்றக்கூடும். முழு 16 ஜிபியையும் படித்தால், கோப்புக்கு அப்பால் இருப்பதும் சேர்ந்துவிடுவதால் எண் ஒருபோதும் பொருந்தாது. இம்முறை 64 எழுத்துகளும் பொருந்தின.

வரைகலை நிறுவியின் மொழிப் பட்டியலில் தமிழ் இருந்தது. வெறும் எழுத்துமுகப்பு நிறுவியில் அது இல்லை. மருமகன் தமிழையே அழுத்தினான். எக்ஸ்எஃப்சிஇ வந்து நின்றதும், பென் டிரைவில் 16 ஜிபியைக் காணோம், அது கெட்டுவிட்டது என்று புகார் சொன்னான். ஐஎஸ்ஓவின் அட்டவணை அதில் இருந்ததால்தான் அப்படித் தெரிந்தது. அந்தப் பகிர்வு அட்டவணையை அழித்துப் புதிதாக வடிவமைத்துக் கொடுத்த பிறகே அம்பைக்குக் கிளம்பினான்.