வலது கைக்கு எத்தனை மார்க்?

ஜூன் 3

பக்கவாதம் வந்து நாளையோடு ஐந்து மாதம். வழக்கமாக ஆக்குபேஷனல் தெரபி மேடம் கையைத் தூக்கச் சொல்வார், விரலை விரிக்கச் சொல்வார், மார்க் போடுவார். அந்தச் சோதனைக்கு ஃபுகல்-மேயர் என்று பெயர், கைக்கு மொத்தம் 66. எனக்கு இப்போது 44. இன்று வேறு தாள். "இதுக்கு நீங்களே மார்க் போடுங்க சார்."

30 வேலைகள். சுவிட்ச், குழாய், சாவி, சட்டைப் பொத்தான். போன வாரம் வலது கையை அதற்கு எவ்வளவு பயன்படுத்தினேன், அது எவ்வளவு நன்றாகச் செய்தது என்று இரண்டிரண்டு கேள்வி. 0 என்றால் தொடவே இல்லை, 5 என்றால் பழையபடி. பயன்பாட்டுக்கு எனக்கு நானே போட்டுக்கொண்டதன் சராசரி 3.1. நடுநிலைப் பள்ளி வாத்தியாரின் தாராளம்.

ஜூன் 4

அதே கேள்விகளை என் மனைவியிடம் தனியாகக் கேட்டிருக்கிறார்கள். அவள் போட்டது 1.4. கோபமாக வந்தது. "லைட்டை எந்தக் கையாலங்க போடுறீங்க?" என்றாள். எழுந்து போய்ப் போட்டுப் பார்த்தேன். இடது.

ஜூன் 10

ஒரு வாரமாக என்னையே வேவு பார்க்கிறேன். எங்கள் படுக்கையறை சுவிட்ச் கதவுக்கு வலப்பக்கம். வலது கை அதற்கு அரையடி தூரத்தில் சும்மா தொங்குகிறது. நான் உடம்பைத் திருப்பி இடது கையை நீட்டுகிறேன். நேற்று மட்டும் ஆறு தடவை.

அந்தத் தாளை உருவாக்கியது அமெரிக்காவில் பர்மிங்ஹாமில் உள்ள அலபாமா பல்கலைக்கழகத்து எட்வர்ட் டாபின் குழு என்றார் மேடம். ஆரம்ப மாதங்களில் கை முயன்று முயன்று தோற்கிறது, மற்றக் கை ஜெயிக்கிறது. மூளை அதையே பாடமாகப் படித்துக்கொள்கிறதாம். அப்புறம் பலம் திரும்பினாலும் அந்தக் கையைக் கூப்பிடுவதில்லை. சரி, வேலை தெரிந்தும் வீட்டில் உட்கார்ந்திருக்கிற பையன் மாதிரி.

ஜூன் 21

தாளில் முள்கரண்டியும் பாதி சாண்ட்விச்சும் இருந்தன. மேடம் இட்லி என்று மாற்றிக் கேட்டார், நானும் 3 போட்டேன். இட்லி வேறு, ரசம் சாதம் வேறு. இன்று வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, ஸ்பூனை ஒதுக்கிவிட்டு வலது கையால் பிசைந்தேன். பிசைய வருகிறது. அள்ளும்போது நாலு விரலும் ஒன்று சேரமாட்டேன் என்கிறது, கட்டைவிரல் தள்ளவில்லை. ரசம் முழங்கை வரை ஓடியது. ஐந்து வாய் உள்ளே போயிருக்கும். தட்டைக் கழுவி, தரையையும் துடைத்துவிட்டேன், அவள் வருவதற்குள்.

ஜூலை 2

மறுபடி அளந்தார்கள். ஃபுகல்-மேயரில் 48. அந்த 30 வேலைத் தாளில் நான் எனக்குப் போட்டது 1.9. கை தேறியிருக்கிறது, மார்க் இறங்கியிருக்கிறது! மேடம் கவலைப்பட்ட மாதிரித் தெரியவில்லை. "போன மாசம் செஞ்சு பார்க்காமலே போட்டீங்க சார்," என்றார்.

என் மனைவி இந்த முறை 2.6 போட்டிருக்கிறாள். சாவிக்கு நான் 1, அவள் 3. சாவியை நான் எப்போது திருகிப் பழகுகிறேன் என்று இவளுக்கு எப்படித் தெரியும்?