73939133

ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்து முப்பத்தொன்பதாயிரத்து நூற்று முப்பத்து மூன்று. எனக்கு ரொம்பப் பிடித்த எண்.

இது ஒரு பகா எண். வலப்பக்கக் கடைசி இலக்கத்தை அழித்தால் 7393913, அதுவும் பகா எண். இன்னொன்றை அழித்தால் 739391. அப்புறம் 73939, 7393, 739, 73, கடைசியில் வெறும் 7. எட்டுமே பகா எண்கள்!

நேற்று ராத்திரி 739-ஐ மட்டும் கையால் சோதித்தேன். 29-இன் வர்க்கம் 841, அதனால் 23 வரை வகுத்துப் பார்த்தால் போதும். எதிலும் மீதியில்லாமல் போகவில்லை. அந்தச் சின்ன நோட்டுப் பக்கம் தந்த சந்தோஷம் இன்னும் போகவில்லை.

சரி, ஒன்பதாவதாக ஓர் இலக்கம் சேர்க்கலாமா? இரட்டைப்படை இலக்கமோ 5-ஓ கூடாது. 1 சேர்த்தால் இலக்கங்களின் கூட்டுத்தொகை 39, 7 சேர்த்தால் 45. இரண்டுமே மூன்றால் வகுபடும். 3, 9 இந்தச் சோதனையில் தப்பிவிடும், ஆனால் அந்த எண்களும் பகு எண்கள்தான். நாம் வழக்கமாக எழுதும் பத்தடிமான முறையில், இப்படி வலமிருந்து அழித்துக்கொண்டே போனாலும் பகா எண்ணாகவே இருப்பவை மொத்தமே 83. அவற்றில் மிகப் பெரியது இதுதான்.

எண்கள் முடிவில்லாமல் நீள்கின்றன. இந்த வரிசை மட்டும் இங்கே நின்றுவிடுகிறது.