பனிக்கட்டிக்கு அடியில் 24 பொறிகள்: பருவ முடிவில் எழுதிய குறிப்பு

இந்தக் குளிர்காலத்தில் நான் வைத்தவை மொத்தம் 24 பொறிகள். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் மஸ்க்ராட் என்ற நீர்விலங்கைப் பிடிக்கும் பருவம் பிப்ரவரி 28 அன்று முடிகிறது. அன்றைக்குள் அத்தனை பொறிகளும் சதுப்பிலிருந்து வெளியே வந்தாக வேண்டும். முதல் இரண்டு பருவங்களில் அது அரைநாள் வேலையாக முடிந்தது. இம்முறை நான்கு நாட்கள் ஆயிற்று. அப்படியும் இரண்டு பொறிகள் திரும்பவில்லை. என்ன நடந்தது, எதைத் தவறாகச் செய்தேன், எது பலித்தது என்பதை நினைவு மங்குவதற்கு முன் எழுதி வைக்கிறேன்.

இடம் ஸ்டெர்ன்ஸ் கவுண்டியில் உள்ள ஒரு தனியார் சதுப்பு. வேலைக்காக இங்கே குடிவந்த என்னைப் பக்கத்துப் பண்ணைப் பெரியவர்தான் தம் நிலத்தில் இறக்கிக் கற்றுக்கொடுத்தார். 1989க்குப் பின் பிறந்தவர்கள் பயிற்சிச் சான்றிதழ் இல்லாமல் இங்கே பொறிவைக்க உரிமம் வாங்க முடியாது. ஆகவே அந்தப் பயிற்சியை முடித்து, உரிமம் எடுத்து, என் அடையாள எண் பொறித்த சிறு செப்புத் தகடு ஒன்றை ஒவ்வொரு பொறியிலும் மாட்டிய பிறகே இறங்கினேன். பொறி யாருடையது என்று காட்டும் தகடு இல்லாமல் வைப்பது இங்கே சட்டப்படி குற்றம். அந்தத் தகட்டின் அருமை பிப்ரவரி மூன்றாம் வாரத்தில்தான் எனக்கு முழுமையாக விளங்கியது.

மஸ்க்ராட் என்றதும் நம்மூர் மூஞ்சூறை நினைத்துவிட வேண்டாம். நம் நாட்டு ஆங்கிலத்தில் மூஞ்சூறையும் அந்தப் பெயரால் அழைப்பதுண்டு என்றாலும் இரண்டுக்கும் உறவில்லை. இது ஏறக்குறைய ஒரு கிலோ எடையுள்ள, அடர்ந்த மயிருடைய நீர்வாழ் கொறிணி. இதன் வால் பக்கவாட்டில் தட்டையாக, நீந்தும்போது துடுப்பாக உதவும் வகையில் இருக்கும். சம்பங்கோரையைக் கடித்து நீரின் நடுவே குவித்து, வைக்கோற்போரின் சிறு வடிவம் போல வீடு கட்டிக்கொள்ளும். அந்த வீட்டின் வாசல் நீருக்கு அடியில் இருக்கும். வாசலிலிருந்து கோரைக் கிழங்கு இருக்கும் இடங்களுக்குச் சேற்றில் வாய்க்கால் போலப் பாதை தேய்ந்திருக்கும். குளம் உறைந்த புதிதில், கண்ணாடி போன்ற பனிக்கட்டியின் அடியில் அந்தப் பாதை நெடுகக் காற்றுக்குமிழிகள் வரிசையாகப் பதிந்து கிடக்கும். அதைப் பார்த்துத்தான் பொறிக்கு இடம் தேர்வு செய்கிறோம்.

நான் வைப்பது 110 என்ற அளவுள்ள உடல்பற்றுப் பொறி. கனடாவின் வடக்கே பொறிவைத்தே வாழ்ந்த ஃபிராங்க் கோனிபேர், விலங்கு காலில் மாட்டிக்கொண்டு நெடுநேரம் துடிப்பதைக் காணப் பொறுக்காமல் பல ஆண்டுகள் முயன்று உருவாக்கிய வகை இது. சுமார் ஐந்து அங்குலத்தில் இரண்டு சதுரச் சட்டங்கள், அவற்றை அடித்து மூடும் ஒரு ஸ்பிரிங், நடுவே தொங்கும் இரண்டு விசைக்கம்பிகள், அவ்வளவுதான். ஒரு காய்ந்த கழியில் மாட்டி, பாதையின் குறுக்கே சேற்றில் ஊன்றிவிட்டால் போதும். கழியின் மேல்முனை பனிக்கட்டிக்கு மேலே நிற்கும். உயிரைச் சட்டென்று எடுப்பதற்காகவே செய்யப்பட்ட இந்தக் கருவி, பருவம் முடிந்தாலும் தன் வேலையை நிறுத்துவதில்லை. இந்த ஒரு காரணத்தால்தான் ஒவ்வொரு பொறிக்கும் கணக்கு வேண்டும் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

தவறு பிப்ரவரி முதல் வாரத்தில் நடந்தது. நீரில் மூழ்கடிக்கும் பொறிகளைப் பொதுவாக மூன்று நாளுக்கு ஒருமுறை பார்த்தாக வேண்டும் என்றாலும், பனிக்கட்டிக்கு அடியில் வைக்கும் உடல்பற்றுப் பொறிகளுக்கு அந்தக் கெடு கிடையாது. அலுவலக வேலை நெருக்கியதால் அந்தச் சலுகையைப் பயன்படுத்தி ஒன்பது நாட்கள் சதுப்புப் பக்கமே போகவில்லை. அதைவிடப் பெரிய பிழை, கடைசியாகப் பார்த்த அன்று இருட்டிவிட்டதால் துளைகளை மூடாமல் திரும்பியது. பனிக்கட்டியின் மேல் கிடக்கும் பஞ்சுப்பனி ஒரு கம்பளி. அதை விலக்கித் துளையிட்டு அப்படியே விட்டால், சுற்றியுள்ள இடம் முழுவதும் மெல்ல உறைய, நாம் பொறி வைத்த இடம் மட்டும் விரைந்து, ஆழமாக உறையும். துளையில் கோரைத்தாளைத் திணித்து, அதன்மேல் பனியை வாரிக் குவித்து மிதித்துவிட வேண்டும் என்று பெரியவர் முதல் ஆண்டிலேயே சொல்லியிருந்தார். இரவு வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 28 டிகிரி செல்சியஸ் வரை இறங்கிய அந்த வாரத்தில்தான் நான் அதைச் செய்யாமல் விட்டேன்.

பிப்ரவரி 16 அன்று போய்ப் பார்த்தபோது நிலைமை தெரிந்தது. வீடுகளின் ஓரத்தில், ஆழமான பாதைகளில் வைத்திருந்த 15 பொறிகள் சிரமமின்றி வந்தன. ஆறு பொறிகள் பனிக்கட்டிக்குள் முழுதாகவோ பாதியாகவோ சிக்கியிருந்தன. மூன்று பொறிகளைக் காணவில்லை.

சிக்கிய ஆறும் இரண்டடிக்கும் குறைவான நீரில் வைத்தவை. பனிக்கட்டி அங்கே 20 அங்குலம் இறங்கி, பொறியின் மேற்சட்டத்தைக் கவ்விவிட்டது. இரண்டு இடங்களில் இன்னொரு தொல்லையும் சேர்ந்தது. மேலே கிடந்த பனியின் பாரத்தில் பனிக்கட்டி சற்றே அமிழ, வெடிப்பு வழியாக நீர் மேலேறி, பஞ்சுப்பனியோடு கலந்து, வெள்ளையாக இன்னோர் அடுக்காக உறைந்திருந்தது. இந்த வெள்ளை அடுக்கு காற்று நிறைந்ததாகையால் உளிக்கு எளிதாக உடையும். கீழே உள்ள கறுப்பு அடுக்குதான் கல்.

முதல் பொறியில் எல்லாத் தவறுகளையும் செய்தேன். கழிக்குப் பக்கத்திலேயே ஐஸ் கடப்பாரையால் குத்தினேன். ஐந்தடி நீளத்தில், நுனி அகன்ற உளியாக இருக்கும் இந்தக் கருவியை நம்மூர்க் கடப்பாரையின் தம்பி என்று சொல்லலாம். ஏழெட்டு அங்குலம் போனதும் ஒரு மூலையில் துளை விழுந்து நீர் பீறிட்டு வந்து குழியை நிரப்பிவிட்டது. பனிக்கட்டித் துகள் மிதக்கும் கலங்கல் நீரில், எங்கே குத்துகிறோம் என்று தெரியாமல் குத்தியதில் உளி ஸ்பிரிங்கின் மேலேயே இறங்கியது. வெளியே எடுத்தபோது ஸ்பிரிங்கின் ஒரு காலில் நகக்கண் அளவுக்கு வெட்டு. அது விறைப்பை இழந்திருக்கும், அடுத்த முறை தளர்வாக அடிக்கும், விலங்கு உடனே சாகாது. அந்தப் பொறியைக் கழித்துவிட்டேன்.

வெந்நீர் ஊற்றலாமே என்று கேட்பவர்களுக்கு: ஒரு முறை ஊற்றிப் பார்த்தேன். மேலே ஓர் அங்குலம் கரைந்து, குளிர்ந்து, முன்பைவிட இறுக்கமாக உறைந்தது. உப்பைப் பற்றி நினைக்கவே கூடாது. இரும்பையும் அரிக்கும், நீரையும் கெடுக்கும்.

பிறகு பெரியவர் வந்து காட்டிய முறை இது. பொறியிலிருந்து நாற்புறமும் ஓரடி தள்ளி, பனிக்கட்டியில் அகழி போல ஒரு சதுரப் பள்ளம் வெட்ட வேண்டும். நான்கு பக்கத்தையும் ஒரே சீராக, ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டிரண்டு அங்குலமாக இறக்கி, துகளை அவ்வப்போது கரண்டியால் அள்ளி வெளியே போட வேண்டும். அடியில் ஓர் அங்குலம் மிச்சம் இருக்கும்வரை எந்த மூலையிலும் நீரைத் தொடக் கூடாது. பனிக்கட்டியின் நிறம் கறுக்கத் தொடங்கி, கடப்பாரையின் ஓசை 'டங்' என்பதிலிருந்து 'தொப்' என்று மாறினால் அந்தக் கடைசி அங்குலம் வந்துவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகு நான்கு மூலைகளையும் வேகமாக உடைத்துவிட்டால் நடுவிலுள்ள கட்டி பொறியோடு விடுபட்டு மிதக்கும். கயிறு கட்டி இரண்டு பேர் இழுத்து, பொறி இருக்கும் பகுதியை மட்டும் விட்டு மற்றதைச் செதுக்கிக் கழித்து, சறுக்குவண்டியில் ஏற்றினோம். ஒரு பொறிக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. மீதி ஐந்தும் சிறு காயமும் இல்லாமல் வந்தன.

அவற்றுள் மூன்று இன்னும் விசை ஏறிய நிலையிலேயே உறைந்திருந்தன. அந்தக் கட்டிகளை வெறும் கையால் தடவிப் பார்க்கவோ, குழந்தைகள் நடமாடும் இடத்தில் கரைய விடவோ கூடாது. கார் கொட்டகையில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் வைத்து மேலே பலகை போட்டு மூடினேன். இரவு பதினொரு மணிக்கு ஒன்று, விடியற்காலையில் மற்ற இரண்டு எனத் தாமாகவே அடித்து அடங்கின. சுவருக்கு அப்பால் படுத்திருந்த எனக்கு ஒவ்வொரு ஓசையும் கேட்டது.

காணாமற்போன மூன்றுக்கு வருகிறேன். சதுப்பின் வடக்கு ஓரத்தை ஒட்டி பனிமேல் ஓடும் ஸ்னோமொபைல் வண்டிகளை ஓட்டும் பாதை ஒன்று போகிறது. அந்த ஓரத்தில் வைத்த இரண்டின் கழிகள் பிடுங்கப்பட்டுப் பனியில் கிடந்தன. துளை எனக்குப் பழக்கமில்லாத பக்கத்திலிருந்து, கைக்கோடரியால் கொத்தப்பட்டிருந்தது. நான் கடப்பாரையால் குத்தும் துளையின் சுவர் செங்குத்தாக இருக்கும், இதுவோ சரிந்திருந்தது. கழியில் பொறியைக் கட்டிய கம்பியின் மிச்சத்தை எடுத்துப் பார்த்தேன். துருவேறித் தானாக அறுந்த கம்பியின் முனை மெலிந்து, பழுப்பாக இருக்கும். இதன் முனை கூரை போல இருபுறமும் சரிந்து, நடுவில் ஒரு கோடாகக் கூடி, புதுக்காசு போலப் பளபளத்தது. கட்டிங் பிளையரால் வெட்டியது. துளையின் விளிம்பில் உறைந்த பழுப்பு மயிர் சில ஒட்டியிருந்தன. ஆக, ஒன்றில் பிடிபட்டிருந்த விலங்கும் போயிற்று. நாலடி தள்ளி, பூட்ஸ் தடத்துக்குள் மிதிபட்டு, என் எண்ணுள்ள செப்புத் தகடு கிடந்தது. தகட்டைப் பார்த்தவர் அது இன்னொருவர் உடைமை என்று அறிந்தே அதை அறுத்து எறிந்திருக்கிறார்.

ஒரு பொறியின் விலை பத்துப் பன்னிரண்டு டாலருக்கு மேல் இராது. பணம் போனது எனக்குப் பெரிதல்ல. பொறிவைப்பதையே ஏற்காதவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் எடுத்திருந்தால் அந்த மனத்தை என்னால் புரிந்துகொள்ள முடியும். ஆனால் பிடிபட்ட விலங்கையும் சேர்த்து எடுத்தவர், அந்தப் பொறிகளை வேறெங்கோ, தகடு இல்லாமல், பருவம் முடிந்த பிறகும் வைத்திருக்கக்கூடும் என்பதே என்னை உறுத்துகிறது. தடங்களையும் கம்பி முனையையும் அளவுகோல் வைத்துப் படமெடுத்து, அப்பகுதியின் இயற்கைவளப் பாதுகாப்பு அதிகாரியிடம் எழுத்தில் கொடுத்தேன்.

மூன்றாவதையும் திருட்டுக் கணக்கிலேயே எழுதிவிட்டிருந்தேன். கழி இல்லை, துளை தெரியவில்லை, பக்கத்தில் இரண்டு போயிருக்கின்றன. வேறென்ன இருக்க முடியும் என்று நினைத்தேன். பெரியவர் ஒப்பவில்லை. அந்த இடத்தில் பூட்ஸ் தடமே இல்லையே என்று கேட்டார். எனக்கு அது தோன்றவே இல்லை. பிப்ரவரி 22 அன்று, மீன்பிடிப்பவர்கள் பனிக்கட்டித் துளை வழியாக நீருக்குள் இறக்கிப் பார்க்கும் சிறு கேமராவை அவர் கொண்டுவந்தார். என் குறிப்பேட்டில் வீட்டிலிருந்து காலடி எண்ணி எழுதிவைத்த தொலைவை வைத்து, இரண்டடிக்கு ஒன்றாகத் துளையிட்டோம். நான்காவது துளையில், பச்சை நிறத் திரையில், சேற்றின்மேல் சாய்ந்து கிடந்த கழி தெரிந்தது. மேல்முனை பனிக்கட்டி அசைந்ததில் முறிந்து, மிச்சம் அடியில் கவிழ்ந்திருந்தது. கேமராவைச் சற்றுத் திருப்பினோம். ஸ்பிரிங்கின் இரு கால்களும் ஒன்றோடொன்று அழுந்தியிருந்தன. அடித்து முடித்த பொறியில் அவை கவட்டை போல விரிந்திருக்கும். இதில் விசைக்கம்பிகள் நேராக நின்றன. பொறி விழிப்போடு இருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோதே திரையின் ஓரத்தில் ஒரு மஸ்க்ராட், வாய் நிறையக் கோரைத்தண்டைக் கவ்விக்கொண்டு, ஒரு முழம் தள்ளிப் போயிற்று.

பொறிக்கு நேர் மேலே பெரிய துளை வெட்டி, நீண்ட கழியால் விசைக்கம்பியைத் தட்டினேன். அது மூடிய அதிர்ச்சி கழி வழியாக முழங்கை வரை வந்தது. கொக்கி போட்டு மேலே தூக்கியபோது மணி மாலை நாலரை. திருட்டுப் போயிற்று என்று எழுதி மூடியிருந்தால் வசந்தகாலம் வரை அந்தப் பாதையில் எது வந்தாலும் அதில் மாட்டியிருக்கும். அன்றிலிருந்து என் கணக்கேட்டில் 'திருட்டு' என்று எழுத, வெட்டிய கம்பி, தடம், தகடு ஆகிய மூன்றில் ஒன்றாவது கண்ணால் பார்த்திருக்க வேண்டும் என்று விதி வைத்துக்கொண்டேன். இல்லையென்றால் 'தேட வேண்டியது' என்றே எழுத வேண்டும்.

மார்ச் முதல் வாரத்தில் எஞ்சிய 21 பொறிகளையும் கொதிநீரில் கழுவி, லாக்வுட் மரச்சாயத்தில் ஊறவைத்து, உத்தரத்தில் மாட்டினேன். மெழுகு பூசவில்லை. காலைக் கவ்வும் பொறிகளுக்கு மெழுகு நல்லது; உடல்பற்றுப் பொறியிலோ விசை வழுக்கி, வைப்பவர் கையிலேயே அடித்துவிடும். அடுத்த பருவத்துக்குக் கழிகளை இரண்டு விரல் கனம் கூடுதலாக வெட்டியிருக்கிறேன். இரண்டரை அடிக்குக் குறைந்த நீரில் ஜனவரிக்குப் பிறகு பொறி வைக்கப் போவதில்லை. செப்புத் தகட்டை அறுத்து எறியலாம் என்று தெரிந்துவிட்டதால், ஒவ்வொரு பொறியின் சட்டத்திலும் எண்ணை வெட்டுளியால் பதித்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை ஒன்பது முடிந்தன. போன இரண்டைப் பற்றி அதிகாரியிடமிருந்து இன்னும் செய்தி இல்லை.