சிசேரியனுக்கு அப்புறம் சுகப்பிரசவம்: எனக்குக் கைகொடுத்தவை

இரண்டாவது குழந்தை சுகப்பிரசவம் என்றதும் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "என்னம்மா சாப்பிட்ட?" மூத்தவன் சிசேரியன் என்பது ஊருக்கே தெரியும். அதனால் சீரகக் கஷாயமோ, குனிந்து வீடு கூட்டியதோ, ஏதோ ஒரு கைமருந்து இருக்க வேண்டும் என்று நினைத்தார்கள். எனக்கு முதலில் கைகொடுத்தது ஒரு காகிதம் என்று சொன்னால் யாரும் நம்பவில்லை.

முதல் பிரசவம் எங்கள் ஊரில் ஒரு நர்சிங் ஹோமில். தலை மேலேயும் பிட்டம் கீழேயுமாகக் குழந்தை கடைசிவரை திரும்பவில்லை. ஆபரேஷன் செய்தார்கள், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த சீட்டில் 'சிசேரியன், தாய் சேய் நலம்' என்பதைத் தவிர எதுவும் இல்லை. இரண்டாவது உண்டானதும் மதுரையில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். "போன தடவை எதுக்காக ஆபரேஷன்? கர்ப்பப்பையில் எப்படி வெட்டினாங்க?" என்று அவர் முதலிலேயே கேட்டார். அடிவயிற்றுத் தழும்பு குறுக்காகத்தானே இருக்கிறது என்று காட்டினேன். "அது தோலில் போட்ட வெட்டும்மா, உள்ளே எப்படி வெட்டினாங்கன்னு இதை வெச்சு உறுதியா சொல்ல முடியாது. ஆபரேஷன் நோட்ஸ் வேணும்" என்றார்.

அந்த நோட்ஸை வாங்குவதற்குள் என் வீட்டுக்காரர் அலையாத அலைச்சல் இல்லை. "அடுத்ததும் ஆபரேஷன்தானே சார், இது எதுக்கு?" என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். கேட்ட எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. என் உடம்பில் செய்த ஆபரேஷனின் விவரம் எனக்குக் கிடைக்க வேண்டாமா? கடைசியில் ரெக்கார்டு ரூமில் இருந்த ஒரு அக்கா நகல் எடுத்துக் கொடுத்தார். கிறுக்கலான கையெழுத்தில் எங்களுக்கு வேண்டிய வரி இருந்தது: கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்கு வெட்டு, வெட்டு நீளவில்லை, கிழியவில்லை.

அந்த ஒரு வரி ஏன் முக்கியம் என்று டாக்டரம்மா படம் வரைந்து காட்டினார். பிரசவ வலியில் இறுகிச் சுருங்குவது கர்ப்பப்பையின் மேல்பகுதி. அங்கே நெடுக்காக வெட்டியிருந்தால் அடுத்த தடவை வலி வரும்போது தையல் விடும், அதாவது பழைய வெட்டு இருந்த இடத்தில் கர்ப்பப்பை கிழியும் ஆபத்து மிக அதிகம். நியூயார்க்கில் எட்வின் கிரேகின் என்ற மருத்துவர் 1916-ல் 'ஒருமுறை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன்' என்று சொன்னது அப்படி நெடுக்காக வெட்டிய காலத்தில். கீழே குறுக்காக வெட்டும் முறை அதற்கு அப்புறம்தான் பரவலானது. அப்படி ஒரே ஒரு குறுக்கு வெட்டு உள்ளவர்களுக்கு, தானாக வலி வந்தால் தையல் விடும் வாய்ப்பு ஏறக்குறைய 200-ல் ஒருவருக்கு. முயற்சி செய்பவர்களில் 100-க்கு 60 முதல் 80 பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது. முன்பே ஒருமுறை சுகப்பிரசவம் ஆனவர்களுக்கு இது இன்னும் கூடுதல்.

முதல் ஆபரேஷனின் காரணமும் எனக்குச் சாதகம். குழந்தை திரும்பாதது அந்தக் கர்ப்பத்தோடு போயிற்று, இந்தத் தடவை தலை கீழே இருந்தது. வலி வந்தும் கர்ப்பப்பை வாய் திறக்காமலோ, தலை இறங்காமலோ ஆபரேஷன் ஆனவர்களுக்கு வாய்ப்பு கொஞ்சம் குறைவுதான், ஆனாலும் கதவு மூடிவிடுவதில்லை. இடைவெளியையும் பார்த்தார். இரண்டு பிரசவத்துக்கும் நடுவே ஒன்றரை வருடமாவது இருப்பது நல்லது, எங்களுக்கு மூன்று வருடத்துக்கு மேல். தாயின் எடையும் வயதும் கூடக்கூட வாய்ப்பு குறையும், குழந்தை 4 கிலோவைத் தாண்டினாலும் அப்படித்தான். எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்ததால், குழந்தை ரொம்பப் பெருத்துவிடக் கூடாதே என்று இரவுச் சோற்றைப் பாதியாக்கி, சாப்பிட்டதும் மொட்டைமாடியில் நடந்தேன்.

அத்தை மட்டும் சமாதானம் ஆகவே இல்லை. "இதெல்லாம் விஷப்பரீட்சை, ஒழுங்கா நாள் குறிச்சு எடுத்துடுங்க" என்பார். அவர் பயத்தில் நியாயம் இருந்தது. முயன்று, பாதியில் அவசரமாக ஆபரேஷனுக்குப் போனால், முன்கூட்டியே நாள் குறித்துச் செய்வதைவிடக் கிருமித்தொற்றும் ரத்தப்போக்கும் அதிகம். அதனால்தான் பிரசவம் எந்த இடத்தில் என்பதில் டாக்டரம்மா கறாராக இருந்தார். 24 மணி நேரமும் தியேட்டர், மயக்க மருந்து டாக்டர், ரத்தம் மூன்றும் கையெட்டும் தூரத்தில் இல்லாத இடத்தில் இதை முயலவே கூடாது என்றார். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். இவ்வளவு பேர் அடுத்த பிரசவத்துக்கு வரும்போது, இந்த வசதி தாலுகா ஊர்களிலும் இருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

தேதி தாண்டியும் வலி வரவில்லை. ஊசியோ ஜெல்லோ வைத்து வலி வரவழைத்தால் தையல் விடும் ஆபத்து இரண்டு மூன்று மடங்கு கூடும் என்பதால், குழந்தை நன்றாக இருக்கிறதா என்று ஸ்கேனில் பார்த்துக்கொண்டே காத்திருந்தோம். விளக்கெண்ணெய் குடிக்கச் சொன்னவர்களிடம் கும்பிடு போட்டுவிட்டேன். அப்புறம் ஒரு விடியற்காலையில் தானாகவே இடுப்புவலி பிடித்தது.

போனதும் கையில் ஊசிக்குழாய் போட்டு, ரத்தம் எடுத்துவைத்து, வயிற்றில் பெல்ட் கட்டினார்கள். குழந்தையின் இதயத்துடிப்பு நிற்காமல் தாளில் ஓடிக்கொண்டிருந்தது. தையல் விடப்போகிறது என்றால் பெரும்பாலும் முதலில் அந்தத் துடிப்பில்தான் தெரியுமாம். அதனால் முதுகில் வலி குறைக்கும் ஊசி போட்டுக்கொள்ளவும் தடையில்லை என்றார்கள், போட்டுக்கொண்டேன். ஆனாலும் வலிக்கு நடுவே, வயிறு தளர்ந்திருக்கும் நேரத்தில் தழும்பு இருக்கும் இடம் விடாமல் வலித்தால் உடனே சொல்லச் சொன்னார்கள். நர்ஸம்மா ஒவ்வொரு தடவை வரும்போதும் தழும்பைத் தொட்டுக் கேட்டார். கர்ப்பப்பை வாய் நாலு விரல் அளவு திறந்து கொஞ்ச நேரம் அப்படியே நின்றபோது அறையில் பேச்சே இல்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள், மறுபடி திறந்தது. சாயந்தரம் மகள் பிறந்தாள், 3.1 கிலோ.

அன்றைக்கே பக்கத்து அறையில் இன்னொரு பெண்ணும் இதே முயற்சியில் இருந்தார். குழந்தையின் துடிப்பு இறங்கியதும் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். தாயும் பிள்ளையும் நலம். அவர் தோற்றுவிட்டதாக யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன்.

போன மாதம் சித்தி மகளுக்கு ஏழாம் மாதத்திலேயே சிசேரியன் ஆயிற்று. பில் கட்டும்போதே ஆபரேஷன் நோட்ஸ் நகலைக் கேட்டு வாங்கச் சொல்லி மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன், வாங்கிவிட்டார். கீழ்ப்பகுதி இன்னும் விரியாததால் நெடுக்காக வெட்டியதாக அதில் இருக்கிறது. அடுத்த குழந்தைக்கு வலி வரும்வரை காத்திருக்கக் கூடாது, முன்கூட்டியே ஆபரேஷன்தான் என்று அவளுடைய டாக்டர் இப்போதே சொல்லிவிட்டார். அந்த நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஆதார் கார்டோடு வைத்திருக்கிறாள்.