ஹார்விக்குப் பிறகு ஒரு வீட்டைப் பிரித்த மூன்று நாள்கள்

2017 ஆகஸ்ட் 25 இரவு டெக்சாஸ் கடற்கரையில் ராக்போர்ட் அருகே கரையைக் கடந்த ஹார்வி சூறாவளி, சூறாவளிகளின் ஐந்து வகைகளில் நான்காம் வகைக்குரிய காற்றோடு வந்ததுதான். ஆனாலும் ஹூஸ்டனில் இருக்கும் எங்களுக்கு அது மழையாகவே நினைவில் நிற்கிறது. நகராமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்த அந்தப் புயல், சில நாள்களுக்குள் நகரின் பல பகுதிகளில் ஏறத்தாழ ஒரு மீட்டர் மழையைக் கொட்டியது. கிழக்கே நெடர்லாந்து என்ற ஊரில் பதிவான 60.58 அங்குலம், அமெரிக்காவில் அதுவரை எந்தப் புயலும் கொடுத்திராத மழை. கேட்டி பகுதியில் உள்ள எங்கள் வீட்டில் வாசல்வரை வந்த தண்ணீர் உள்ளே நுழையாமல் வடிந்துவிட்டது. நான்கு தெரு தள்ளியிருந்தவர்கள் படகில் வெளியேறியதைப் பார்த்த பிறகு, காய்ந்த வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பது கூச்சமாக இருந்தது.

அலுவலக நண்பர் ஒருவரின் பாப்டிஸ்ட் கிறிஸ்தவ சபை பேரிடர் நிவாரணக் குழுவை அனுப்புகிறது என்று தெரிந்ததும் நானும் வரலாமா என்று கேட்டேன். நான் கோயிலுக்குப் போகிறவன் என்பது அவருக்குத் தெரியும். பேர்லண்ட் மீனாட்சி கோயிலுக்கு ஒருமுறை எங்களோடு வந்து புளியோதரை சாப்பிட்டவர். “தள்ளுவண்டி தள்ளத் தெரிந்தால் போதும்” என்றார். 1967இல் பியூலா சூறாவளி தெற்கு டெக்சாஸைத் தாக்கியபோது டெக்சாஸ் பாப்டிஸ்டுகள் சிலர் சமைத்துக் கொடுக்கப் போனதில் தொடங்கிய பணி இது என்பதையும், அவர்களுடைய மஞ்சள் சட்டையை நாடு முழுவதும் அடையாளம் தெரியும் என்பதையும் பிறகுதான் அறிந்தேன். பயிற்சி பெறாத எனக்கு மஞ்சள் சட்டை கிடைக்கவில்லை. முகமூடி, தோல் கையுறை, தடித்த காலணி, ‘டெட்டனஸ் ஊசி போட்டாயிற்றா’ என்ற கேள்வி, இவையே கிடைத்தன.

எங்களுக்கு ஒதுக்கப்பட்ட வீடு பஃபலோ பாயூ ஓடையை ஒட்டி இருந்தது. 1929, 1935 வெள்ளங்களுக்குப் பிறகு நகரின் மையத்தைக் காப்பதற்காக 1940களில் ராணுவப் பொறியாளர் படை கட்டிய ஆடிக்ஸ், பார்க்கர் நீர்த்தேக்கங்கள் ஹார்வியின்போது நிரம்பிக்கொண்டே போக, ஆகஸ்ட் 28 அதிகாலையில் மதகுகளைத் திறந்தார்கள். மழையில் தப்பிய வீடுகள்கூட அந்தத் தண்ணீரில் மூழ்கின. மழை வெள்ளமானால் ஓரிரு நாளில் வடிந்துவிடும். இது ஏறத்தாழ இரண்டு வாரம் வீட்டுக்குள்ளேயே நின்றது. பூசணம் பிடிக்க இரண்டு நாள் போதும் என்பார்கள். அந்த வீட்டின் கதவைத் திறந்தபோது வந்த நாற்றத்தை, முகமூடிக்குள்ளும் நாக்கில் உணர முடிந்தது.

வேலை என்னவோ எளியதுதான். சுவரில் தண்ணீர் நின்ற கோடு இரண்டரை அடி உயரத்தில் இருந்தாலும், சுவராக அடித்திருக்கும் ஜிப்சம் பலகை விளக்குத்திரியைப் போல ஈரத்தை மேலே உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் நான்கடி வரை வெட்டி எடுக்க வேண்டும். பலகைகள் நான்கடி அகலத்தில் வருவதால், அந்த அளவில் வெட்டினால் பிறகு புதிய பலகையைப் பொருத்துவதும் சுலபம். உள்ளே திணித்திருக்கும் கண்ணாடி இழைப் பஞ்சையும் பிடுங்கி, மரச்சட்டங்களில் உள்ள ஆணிகளைக் களைந்து, பூசணக் கொல்லி தெளித்து, காய விட வேண்டும். குளிர்சாதனப் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. ஒட்டுநாடாவால் சுற்றி அப்படியே வெளியே உருட்டிவிட வேண்டும். சாலையோரத்தில் மின்சாதனம் தனி, மரமும் சுவரும் தனி, பெயின்ட் முதலிய ரசாயனங்கள் தனி என்று குவியல் பிரிக்க வேண்டும்.

பொறியாளன் புத்தி. முதல் நாள் நான் தள்ளுவண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். நண்பகலுக்குள் நாற்பத்தொன்று. அந்த வேகத்தில் சமையலறை இழுப்பறையில் இருந்த ஒரு தகர டப்பாவைத் திறந்து பார்த்தேன். உள்ளே சமையல் குறிப்பு அட்டைகள் ஊறி, மை கரைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. வண்டியில் போட்டேன். சற்று நேரத்தில், எழுபதைக் கடந்த அந்த வீட்டு அம்மாள், சாலையோரக் குவியலில் ஏறி நின்று கைகளால் கிளறிக்கொண்டிருந்தார். அவருடைய தாயார் எழுதிய அட்டைகளாம். நானும் சேர்ந்து தேடினேன். டப்பா கிடைத்ததும் என்னை ஒன்றும் சொல்லாமல் அட்டைகளைப் பிரித்து, காரின் முன்மூடியின் மேல் வரிசையாகக் காய வைத்தார்.

பணி ஓய்வு பெற்ற குழாய்த் தொழிலாளியான எங்கள் குழுத் தலைவரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஓக் மரத்தடியில் இரண்டு நாற்காலிகளைப் போட்டு, ஒன்றில் அந்த அம்மாளையும் மற்றொன்றில் குழுவிலிருந்த ஒரு பெண்மணியையும் அமர வைத்தார். அதற்குப் பிறகு, சுவரும் பஞ்சும் தவிர வீட்டிலிருந்து வெளியே வந்த ஒவ்வொரு பொருளும் அந்த நாற்காலியின் முன்பு நின்றுதான் சாலையோரத்துக்குப் போயிற்று. அடுத்த நாள் ஓர் அலமாரிக்கு மட்டும் இரண்டு மணி நேரம் பிடித்தது. முந்தைய நாளாக இருந்தால் எரிச்சலடைந்திருப்பேன். ஓர் உப்பிய புகைப்பட ஆல்பத்தை ‘வைத்துக்கொள்’ என்றவர், பத்து நிமிடம் கழித்து ‘எறிந்துவிடு’ என்றார், மீண்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்த மூன்று நாளில் குழுவில் மிகக் கடினமான வேலையைச் செய்தவர் கடப்பாரை பிடித்தவர் அல்லர், இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண்மணிதான் என்பது என் கணிப்பு.

வழக்கமான வீட்டுக் காப்பீடு வெள்ளத்தை ஏற்காது என்பதும், வெள்ளக் காப்பீடு தனியாக எடுத்திருக்க வேண்டும் என்பதும் இந்த ஊர்க்காரர்களுக்குப் பாடம்தான். ஆனால் ஓடையில் ஒருபோதும் இவ்வளவு உயரத் தண்ணீர் வந்ததில்லை என்று அந்த அம்மாள் எடுக்காமல் விட்டிருந்தார். ஒவ்வொரு மாலையும் தலைவர் எங்கள் வேலை நேரத்தை ஏட்டில் குறித்துக்கொண்டதை வீண் பெருமை என்றே நினைத்தேன். மத்திய அரசின் பேரிடர் நிதிக்கு உள்ளாட்சி போட வேண்டிய பங்கில் தன்னார்வலர்களின் உழைப்பு நேரத்தையும் மதிப்பிட்டுக் கழித்துக்கொள்ள முடியும் என்று அவர் விளக்கிய பிறகு, என் நேரத்தை நானே நிமிடக் கணக்கோடு சொன்னேன்.

மூன்றாம் நாள் முடிவில் குழுவினர் வட்டமாக நின்று ஜெபித்தனர். என்னிடம் யாரும் மதம் பேசவில்லை; அந்த அம்மாளிடமும் ‘உங்களுக்காக ஜெபிக்கலாமா’ என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்கினர். எல்லோரும் கையெழுத்திட்ட வேதாகமம் ஒன்றை வீட்டாருக்குக் கொடுப்பது அவர்கள் வழக்கம். என் கைக்கு வந்தபோது தயங்கினேன். நண்பர் “விருப்பமில்லையென்றால் அடுத்தவரிடம் கொடுத்துவிடலாம்” என்றார். தமிழில் எழுதலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அந்த அம்மாளால் படிக்க முடியாத பெயரால் அவருக்கென்ன பயன் என்று ஆங்கிலத்திலேயே எழுதினேன்.

நான்கு வாரம் கழித்து, மரச்சட்டங்களின் ஈரத்தை அளக்கத் தலைவரோடு மறுபடியும் போனேன். பதினைந்து சதவீதத்துக்குக் கீழே வந்தால்தான் புதுச் சுவர் அடைக்கலாம். கூடத்தில் வந்திருந்தது, படுக்கையறையில் வரவில்லை. சுவரில்லாததால் வாசலில் நின்றபடியே பின்புறத் தோட்டம் தெரிந்தது. வீட்டை விற்பதா, திரும்பக் கட்டுவதா என்று அந்த அம்மாள் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை. சாலையோரக் குவியலை மாநகராட்சி அதுவரை அள்ளவில்லை. அதில் புல் முளைத்திருந்தது.