பார்கின்சன்: மாத்திரை போதாதபோது

மார்ச் 3
மருந்தைத் தொடர்ந்து உடலுக்குள் செலுத்தும் பம்ப், மூளை அறுவை பற்றி எப்போது பேசத் தொடங்குவது? 5-2-1 கணக்கு கைகொடுக்கும். நாளுக்கு 5 வேளையோ அதற்கு மேலோ லெவோடோபா (பார்கின்சனின் முக்கிய மாத்திரை); 2 மணி நேரமாவது மருந்து பிடிக்காத ‘ஆஃப்’; 1 மணி நேரமாவது தொல்லை தரும் கட்டுப்படாத அசைவு. இவற்றில் ஒன்று இருந்தாலே நிபுணரைப் பார்க்கலாம். ஞாபகத்திலிருந்து சொல்வதை நம்ப வேண்டாம். அரை மணிக்கு ஒரு கட்டமாக மூன்று நாள் நிரப்பிய தாளே உண்மையைச் சொல்லும்.

மார்ச் 6
லெவோடோபா சோதனை. இரவு முழுக்க, சுமார் 12 மணி நேரம் மருந்து கிடையாது. காலையில் இயக்க மதிப்பெண் எடுத்து, வழக்கமான காலை அளவைப் போல் ஒன்றரை மடங்கு கொடுத்து, மீண்டும் எடுப்பார்கள். மூன்றில் ஒரு பங்கு முன்னேற்றம் தெரிந்தால் மூளையில் மின்முனை வைக்கும் டி.பி.எஸ். பலன் தர வாய்ப்பு அதிகம். மருந்து நன்றாகப் பிடிக்கும் ‘ஆன்’ நேரத்திலும் தேறாத பேச்சும் சமநிலையும் டி.பி.எஸ்.ஸாலும் தேறாது, பேச்சு மோசமாகவும் கூடும். நடுக்கம் மட்டும் விதிவிலக்கு: மருந்துக்கு அடங்காவிட்டாலும் டி.பி.எஸ்.ஸுக்கு அடங்கலாம். குடும்பத்தார் மனமுடைவது பெரும்பாலும் இதை முன்பே சொல்லாததால்தான்.

மார்ச் 10
மறதிநோய், அடங்காத மனச்சோர்வு இருந்தால் டி.பி.எஸ். வேண்டாம். மூளையின் ஆழத்தில் உள்ள சப்தலாமிக் கருவில் மின்முனையை வைத்தால் மாத்திரையைக் குறைக்கலாம். ஆனால் அவசரமாகக் குறைத்தால் எதிலும் நாட்டமில்லாத நிலை வரும். மூளைக்குள் ரத்தக்கசிவு அரிது, ஆனாலும் மறைக்காமல் சொல்ல வேண்டியது.

மார்ச் 14
குடல் ஜெல்: வயிறு வழியே போட்ட குழாயில் பம்ப் சிறுகுடலுக்குள் செலுத்தும் மருந்து. 100 மி.லி. பையில் 2000 மி.கி. லெவோடோபா, அதற்குத் துணையாக 500 மி.கி. கார்பிடோபா, வழக்கமாக 16 மணி நேரம் ஓடும். தொல்லை மருந்தில் குறைவு, குழாயில் அதிகம்: மடங்கும், அடைக்கும், உள்குழாய் இரைப்பைக்கே திரும்பிவிடும். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே ‘ஆஃப்’ வந்தால் அளவைக் கூட்டுவதற்கு முன் எக்ஸ்ரே எடுங்கள். மாற்று மாத்திரை எப்போதும் வீட்டில் இருக்கட்டும். கால் மரத்துப்போனால் பி12, பி6 பரிசோதனை.

மார்ச் 17
அபோமார்ஃபின் (மூளையில் டோபமைன் போல வேலை செய்யும் மருந்து): பம்ப் வழியே தோலடி ஊசி, அறுவை இல்லை, ஒத்துவராவிட்டால் நிறுத்திவிடலாம். குமட்டலுக்கு டோம்பெரிடோன் தருவதானால் முதலில் ஈ.சி.ஜி. ஊசி இடத்தைத் தினமும் மாற்றாவிட்டால் தோலில் கட்டிகள் வரும். கட்டியில் குத்தினால் மருந்து சரியாக ஏறாது.

மார்ச் 20
பம்பை முடிவு செய்யும் முன் நோயாளியும் பார்த்துக்கொள்பவரும் அதை மாட்டிக் கழற்றிப் பார்க்கட்டும். ‘ஆஃப்’ நேரத்தில் செய்யச் சொல்லுங்கள். பகலில் மட்டும் ஓடும் பம்பை ஒவ்வொரு காலையும் மாட்ட வேண்டியது அந்தக் கைகள்தான்.