போர்டுக்குப் பக்கத்து ஸ்டூல்

23 நவம்பர் 2024, சனி

தெரு முழுக்க காசிமா பேச்சுதான். அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம்! புது வண்ணாரப்பேட்டைப் பெண், ஆட்டோ டிரைவர் மகள். எங்கள் நைனாவும் ஆட்டோதான் ஓட்டுகிறார். மத்தியானம் சாப்பிட வந்தவர் தட்டைத் தொடக்கூட இல்லை. "கேரமுக்கு 1996லயே அர்ஜுனா விருது வாங்கின மரிய இருதயம் நம்ம சென்னைக்காரர். இப்ப இந்தப் பொண்ணு. அடுத்தது நீதாம்மா" என்றார். அவர் முகத்தைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

ராத்திரி காசிமா ஆடும் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, விரல் வைக்கும் விதத்தை அப்படியே பழகினேன்.

26 நவம்பர், செவ்வாய்

நகக்கண் வலிக்கிறது. நேராகப் போக வேண்டிய காயின்கூட பாக்கெட் முனையில் தட்டித் திரும்புகிறது.

30 நவம்பர், சனி

ஃபெஞ்சல் புயல். தண்டையார்பேட்டையில் எங்கள் சந்தில் முழங்கால் அளவு தண்ணீர். கேரம் கிளப் மாடியில் இருப்பதால் பொடிசுகள் நாலு பேர் எப்படியோ வந்துவிட்டார்கள், நானும் போனேன். ஈரத்தில் போர்டு இழுத்தது, பவுடர் பசை மாதிரி ஒட்டியது. மேலே தொங்கும் பல்பைத் தாழ்த்திக் காய வைத்தோம்.

காயும் வரை சும்மா இருப்பார்களா? ஒரே சண்டை. ஒருவன் ஸ்கோர் 22. ரெட்டை, அதாவது சிவப்புக் காயினைப் போட்டு, அடுத்தே தன் காயின் ஒன்றைப் போட்டு ஃபாலோவும் முடித்துவிட்டான், அதற்கு மூன்று பாயிண்ட் உண்டா இல்லையா என்று. "21 வரைக்கும்தான்டா உண்டு. 22 வந்துட்டா ரெட்டுக்குப் பாயிண்ட் கிடையாது" என்றேன். உடனே எல்லாரும் அடங்கிவிட்டார்கள். அப்புறம் அடுத்த சந்தேகம், அதற்கடுத்தது. இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை. இத்தனைக்கும் நான் ஸ்ட்ரைக்கரைத் தொடவே இல்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதே யோசனை. பதினோரு வயதிலிருந்து ஆடுகிறேன். ஆனால் என் ஆட்டங்களில் எனக்கு ஞாபகம் இருப்பது மற்றவர்கள் போட்ட ஷாட்டுகளும், யாரும் கவனிக்காத ஃபவுல்களும்தான். ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு எப்போது வந்தது? யாராவது ஜெயித்துவிட்டு வரும்போதெல்லாம் வந்திருக்கிறது.

8 டிசம்பர், ஞாயிறு

கிளப்புகளுக்குள் போட்டி. ஒரு போர்டுக்கு அம்பயர் வரவில்லை. "நீ உக்காரு" என்றார் கிளப் அண்ணா.

மூன்றாவது சுற்றில் ஒருவர் ஸ்ட்ரைக்கரைக் கோட்டின் ஓரச் சிவப்பு வட்டத்தில் வைத்தார். வட்டத்தை முழுக்க மூட வேண்டும், இல்லாவிட்டால் தொடாமல் வைக்க வேண்டும். இங்கே ஒரு நூல் அளவு சிவப்பு தெரிந்தது, நகத்தின் பிறை மாதிரி. அப்படியே அடித்துவிட்டார். "ஃபவுல்" என்றேன். என்னைவிட இருபது வயது பெரியவர். முறைத்தார், வாதாடினார். வைத்த இடத்திலேயே மறுபடி வைக்கச் சொன்னேன். குனிந்து பார்த்தார், பேசாமல் தண்டமாக ஒரு காயினை எடுத்துக் கொடுத்தார்.

ஆடும்போது வழக்கமாக நடுங்கும் என் கை இன்று நடுங்கவில்லை.

9 டிசம்பர், திங்கள்

நைனாவிடம் சொல்லிவிட்டேன். அம்பயர் பரீட்சை எழுதப் போகிறேன், போட்டிக்குப் பேர் கொடுக்கவில்லை என்று. "அம்பயருக்கு யாரும்மா மாலை போடுவாங்க?" என்றார். கோபமில்லை, ஏமாற்றம்தான், அது இன்னும் கஷ்டமாக இருந்தது. "எனக்கு அந்த ஸ்டூல்ல உக்காரத்தான் பிடிச்சிருக்கு நைனா" என்றேன். எழுந்துபோய் ஆட்டோவைத் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கனவே துடைத்த வண்டி.

12 டிசம்பர், வியாழன்

சவாரி முடிந்து வந்த நைனா, நான் படிக்கும் விதிமுறைத் தாள்களை எடுத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"ரெட் போர்டுல இருக்கும்போதே தன் கடைசிக் காயினைப் போட்டுட்டா..."

"அந்தச் சுற்று போச்சு!"

"இரும்மா, நான் இன்னும் கேட்டே முடிக்கல" என்று அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.